உண்ணும் கிழங்குக்கு இருட்டு, விதைக் கிழங்குக்கு வெளிச்சம்

சமவெளியில் காரமடைப் பக்கம் இருக்கும் எங்கள் உறவினர்கள் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு இரண்டு வாரத்தில் சுருங்கி முளைவிடுகிறதே, உங்கள் வீட்டுக் கிழங்கு மட்டும் எப்படி மூன்று மாதம் கெட்டியாக இருக்கிறது, எதில் போட்டு வைக்கிறீர்கள் என்பார்கள். எதில் போட்டு வைக்கிறோம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கிழங்கு தாங்குமா தாங்காதா என்பது அறைக்குள் வருவதற்கு வெகு முன்பே, நட்ட நாளிலிருந்து பறித்த நாள் வரை நிலத்தில் நடந்தவற்றாலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நிலத்தில் செய்யாமல் விட்டதை எந்த அறையும் ஈடுகட்டுவதில்லை. அதனால் இந்த முறை விதைப்பிலிருந்தே தொடங்கி, எங்கள் வீட்டு வழக்கம் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் நிலம் நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கின் மேற்சரிவில், படிப்படியாக வெட்டியது. அப்பா இருபது வயதில் கூலி வேலைக்கு மலையேறி, பிறகு குத்தகைக்குப் பயிர் செய்து, கடைசியில் இந்தத் துண்டை வாங்கினார். உருளைக்கிழங்கைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல், பக்கத்து நிலத்துப் படுகர் குடும்பத்தின் மூதாட்டியிடம் கற்றுக்கொண்டது. நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றே அழைத்தோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்து, பின்னர் இங்கு அறிமுகப்படுத்திய ஐரோப்பியக் காய்கறிகளில் உருளைக்கிழங்கும் ஒன்று. சாமையும் கோதுமையும் விதைத்துவந்த படுகர்கள் அதைத் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த பயிர் என்றாலும், இந்தச் சரிவுக்கும் இந்த மழைக்கும் ஏற்ப அதை வளர்க்கும் முறையைக் கண்டறிந்தவர்கள் இங்கிருந்த உழவர்கள்தாம் என்பதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

இங்கு ஆண்டுக்கு மூன்று போகம் உண்டு. சித்திரை மழையை நம்பி ஏப்ரல் வாக்கில் நட்டு ஆவணியில் எடுப்பது பெரும்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் நட்டு மார்கழி, தையில் எடுப்பது இரண்டாவது. தண்ணீர் வசதியுள்ள பள்ளத்து நிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் நடுவது மூன்றாவது. நாங்கள் முதல் இரண்டையும் மட்டுமே செய்கிறோம். பெரும்போகத்துக் கிழங்கு மழைக்கு நடுவே வெளிவருவதால் அதைச் சேமிக்க நாங்கள் முயல்வதே இல்லை. பறித்தவுடன் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். தையில் எடுப்பதுதான் வைத்துக்கொள்ளும் கிழங்கு. மண் காய்ந்திருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், கிழங்கின் தோல் முற்றியிருக்கும். இரண்டாம் போகத்தை நாங்கள் கால் ஏக்கருக்கு மேல் செய்வதில்லை. வீட்டுக்கு உணவும், சித்திரை நடவுக்கு விதையும் அதிலிருந்தே கிடைக்கின்றன.

அந்தக் கால் ஏக்கர் எப்போதும் நிலத்தின் மேற்படிகளில்தான் அமையும். மார்கழி இரவுகளில் குளிர்காற்று கனமாகிச் சரிவின் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியும்போது பள்ளத்துத் தோட்டங்கள் உறைபனியில் வெளுத்துக் கிடக்க, எங்கள் மேற்படிகள் பல நாள்களில் தப்பிவிடும். உறைபனி பட்ட செடியின் இலை வெயில் ஏறியதும் வெந்ததைப் போலக் கறுத்துத் தொங்கும். அதோடு கிழங்கு பருக்காமல் நின்றுவிடும். முற்றாத கிழங்கு அறையில் தங்காது. ஆகவே, எந்தப் படியில் நடுவது என்ற முடிவே எங்களுக்குச் சேமிப்பின் முதல் வேலை.

இரண்டாவது முடிவு, சென்ற முறை உருளைக்கிழங்கு இருந்த படியில் இந்த முறை நடாமல் இருப்பது. பெரியம்மாவின் காலத்தில் கிழங்கு எடுத்த மண்ணில் பூண்டோ அவரையோ தானியமோ போட்ட பிறகுதான் மறுபடி கிழங்குக்கு வருவார்களாம். இடையில் விலை ஏறிய ஆண்டுகளில், ஒரே மண்ணில் போகத்துக்குப் போகம் உருளைக்கிழங்கே நட்டவர்கள் பலர். அதன் விளைவை இந்த மலை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 1961-இல் ஊட்டிக்கு அருகே விஜயநகரத்தில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பூக்கும் பருவத்தில் வாடிக் குட்டையாக நிற்கும் செடி ஒன்றைப் பக்குவமாகப் பிடுங்கி, வேரில் உள்ள மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய மணிகள் வேரோடு ஒட்டியிருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். சில வெள்ளையாக இருக்கும்; சில பொன்னிறமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பெண் புழு. அது செத்த பின் அதன் உடலே கெட்டித்துப் பழுப்பு நிறக் கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்து வைத்திருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணில் பரவும்போதுதான் அம்முட்டைகள் பெருமளவில் பொரிகின்றன. வேர் வராத ஆண்டுகளில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. பயிரை மாற்றிப் போடும் பழைய வழக்கத்தின் பலன் அங்கேதான் இருக்கிறது. பெரியம்மாவுக்கு நூற்புழுவின் பெயர் தெரியாது; ஆனால் மண்ணுக்கு இளைப்பாற இடம் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இந்தப் புழுவால்தான் 1971 முதல் நீலகிரியின் விதைக் கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை இருக்கிறது. 2018-இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக் கிழங்குக்கும் இதே காரணத்தால் தடை வந்தபோது, எங்கள் பட்டறிவு நாடு முழுவதற்கும் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டுமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஊட்டியை அடுத்த முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற இரகங்களைத் தந்திருக்கிறது. அப்பாவின் இளமையில் கிரேட் ஸ்காட் என்ற பழைய ஸ்காட்லாந்து இரகத்தைப் பற்றிப் பேசுவார்களாம். பிறகு 1968-இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி மலை முழுவதும் பரவியது. நாங்கள் இன்றும் பெரும்பாலும் ஜோதியைத்தான் நடுகிறோம். வெண்மையான நீள்வட்டக் கிழங்கு, ஆழமில்லாத கண்கள், வேகவைத்தால் மாவாகும் பதம் ஆகியவற்றுக்காக மண்டியில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

விதைக் கிழங்கை வெட்டி நடும் வழக்கம் சமவெளியில் பரவலாக இருக்கிறது. இங்கு முழுக் கிழங்கையே நடுகிறோம். ஈரம் தேங்கும் மலை மண்ணில் வெட்டிய முகம் ஆறுவதற்குள் அழுகிவிடும். கோழி முட்டையளவு, அதாவது 40 முதல் 50 கிராம் எடையுள்ள கிழங்கு விதைக்குச் சரியானது. ஒரு ஏக்கருக்கு 1,200 முதல் 1,400 கிலோ வரை விதை வேண்டும். சித்திரையில் நாங்கள் நடும் 60 சென்ட்டுக்கு 45 கிலோ மூட்டையாக ஏறக்குறைய 18 மூட்டை பிடிக்கும். அவ்வளவு விதையை வெளியில் வாங்குவதென்றால் சிறு உழவருக்கு அதுவே மிகப் பெரிய செலவு. சொந்த விதை வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த மலையில் விடாமல் தொடர்வதற்கு அந்தச் செலவே போதுமான காரணம்.

நன்றாக மக்கிய தொழுஉரத்தைச் சாலில் இட்டு, முளை மேலே பார்க்கும்படி கிழங்கை அதன்மேல் உட்கார வைத்து, நான்கு விரற்கடை மண் மூடுகிறோம். கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் இடைவெளி. மக்காத சாணம் போட்டால் கிழங்கின் தோலில் சொறி விழும் என்று அப்பா மூன்று மாதம் மக்காத உரத்தைத் தொடவே விடமாட்டார்.

இனி மண் அணைப்பது பற்றிச் சொல்ல வேண்டும். 45-ஆம் நாளில் ஒரு முறையும் 60-ஆம் நாளில் ஒரு முறையும், இரண்டு பக்கத்து மண்ணையும் கொத்தால் இழுத்துச் செடியின் அடியில் கூரைபோல் குவிக்கிறோம். கூலி மிச்சப்படுத்த இரண்டாவது அணைப்பை விட்டுவிடுபவர்கள் உண்டு. அது பெரும் பிழை என்பது என் உறுதியான எண்ணம். கிழங்கு வேரில் விளைவதில்லை. நட்ட விதைக்கு மேலே, தண்டின் மண்ணடிப் பகுதியிலிருந்து கிளைக்கும் ஓடுதண்டுகளின் நுனியே பருத்துக் கிழங்காகிறது. அதனால் பருக்கப் பருக்க அது மேல்நோக்கி வந்து மண்ணைப் பிளக்கும். பிளவு வழியே வெயில் பட்டால் கிழங்கு பச்சையாகிக் கசக்கும். அதே பிளவு வழியே கிழங்கு அந்துப்பூச்சி இறங்கிக் கண்களில் முட்டையிடும். மழையில் இலையிலிருந்து கழுவி வரும் கருகல் நோயின் வித்துகளும் அவ்வழியே கிழங்கை எட்டும். பச்சைக் கிழங்கு, பூச்சி, அழுகல் ஆகிய மூன்றும் சேமிப்பறையில் தெரியவரும் கேடுகள் என்றாலும், மூன்றும் நுழைந்தது 60-ஆம் நாளில் மண் அணைக்காமல் விட்ட அந்த வெடிப்பின் வழியேதான்.

கருகல் நோயைச் சொல்லாமல் மலை உருளைக்கிழங்கைப் பேச முடியாது. 1845-இல் தொடங்கி அயர்லாந்தைப் பட்டினியில் ஆழ்த்திய அதே பின்கருகல் நோய், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நீலகிரிக்கும் வந்துவிட்டது. மூடுபனி விலகாமல் மூன்று நாள் தொடர்ந்தால் அப்பா விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய் இலைகளைத் திருப்பிப் பார்ப்பார். இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதுபோல் ஒரு புள்ளியும், அதன் அடிப்பக்கத்தில் மெல்லிய வெண்பூஞ்சையும் தெரிந்தால் அன்றே மருந்து கலக்க வேண்டும். எங்கள் வீட்டு மருந்து போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் தொட்டியும் மரக்குச்சியும்தான். கலந்து முடித்ததும் அப்பா தேய்த்துப் பளபளப்பாக்கிய பழைய கத்தி ஒன்றை அந்த வான்நீலக் குழம்பில் ஒரு நிமிடம் நனைத்து எடுப்பார். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும் என்று பொருள். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் ஊற்றி, கத்தி வெள்ளையாகவே வெளிவரும் வரை விடமாட்டார். அந்தக் கத்தி இன்றும் எங்கள் வீட்டில் வேறு எதற்கும் பயன்படாமல் இருக்கிறது. ஜோதி இரகம் வந்த புதிதில் இந்த நோயை நன்றாகத் தாங்கியது. நோயும் மாறிக்கொண்டே வந்ததால் இன்று அந்தத் தாங்குதிறன் இல்லை.

செடி பூக்கும் வாரத்தில் செய்யும் ஒரு வேலை பார்ப்பதற்கு மிகச் சிறியது. ஆனால் இந்த முறை முழுவதிலும் எனக்கு அதைவிட முக்கியமானது எதுவுமில்லை. பெரியம்மா ஒரு கட்டு மூங்கில் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். நல்ல உயரமும், அடர்பச்சை இலையும், சுருளோ மஞ்சள் திட்டோ இல்லாத கிளைகளும் உள்ள செடியைக் கண்டால் அதன் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றுவார். சின்ன வயதில் நானும் குச்சிக் கட்டோடு அவர் பின்னால் போயிருக்கிறேன். எதற்கு என்று கேட்டபோது, "பூக்கையிலயே பாத்து வெதைச் செடியக் குறிச்சு வெச்சுக்கணும் கண்ணு. பறிச்சுக் குமிச்சுட்டா எல்லாக் கெழங்கும் ஒரே மாதிரித்தான் தெரியும்" என்றார்.

அதன் ஆழம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பறித்த குவியலில் பெரியதை விற்றுவிட்டு, மிஞ்சிய பொடிக் கிழங்கை விதைக்கு ஒதுக்குவது பலருடைய வழக்கம். ஆனால் இலைச்சுருள், தேமல் போன்ற நச்சுயிரி நோய் பிடித்த செடிதான் பொடிக் கிழங்கை மிகுதியாகத் தரும். எனவே, குவியலிலிருந்து சிறியதைத் தேர்ந்தெடுப்பவர், தம்மை அறியாமலேயே நோயுற்ற செடியின் பிள்ளைகளை அடுத்த போகத்துக்கு அனுப்புகிறார். நான்கைந்து போகத்தில் விளைச்சல் பாதியாகிவிடும். விதை தளர்ந்துவிட்டது என்பார்கள். குச்சி ஊன்றிய செடிகளை மட்டும் முதலில் தனியாகப் பறித்து, அவற்றின் முட்டையளவுக் கிழங்குகளை மட்டும் விதைக்கு வைத்தால் அந்தத் தளர்ச்சி நீண்ட காலம் தள்ளிப்போகிறது. அப்படியும் நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சில மூட்டை புது விதை வாங்கிக் கலந்துகொள்கிறோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஏறக்குறைய 100 நாள் ஆனதும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். அப்போது செடியை மண்மட்டத்தில் அரிவாளால் அறுத்து, அறுத்த செடியைத் தோட்டத்தைவிட்டே வெளியேற்றிவிடுகிறோம். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இன்னும் 15 நாள் இருக்கும். அந்த 15 நாளில் இரண்டு காரியம் நடக்கிறது. இலையில் நோய் மிச்சமிருந்தால், பறிக்கும்போது அது கிழங்கின் மேல் உதிராமல் போகிறது. கிழங்கின் தோலும் தடித்து உறுதியாகிறது. பறிக்கலாமா என்று அறிய ஒரு செடிக் குழியைத் தோண்டி, கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். "தோலு கழண்டுச்சுன்னா மூடிரு, இன்னும் ஒரு வாரம் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்" என்பது அப்பாவின் விதி. தை மாதக் காய்ந்த மண்ணே ஒரு நல்ல சேமிப்பறைதான். விலை இறங்கியிருக்கும்போது சிலர் ஒரு மாதம்கூடப் பறிக்காமல் விட்டு வைப்பார்கள். காட்டுப்பன்றி மட்டும் அதற்கு ஒப்புவதில்லை. அறுத்த தோட்டத்தில் ஓர் இரவு அது புகுந்தால் ஒரு படி முழுவதும் உழுததுபோல் ஆகிவிடும். அதனால் நாங்கள் 15 நாளுக்குமேல் துணிவதில்லை.

இந்த 15 நாளின் அருமையை நான் இழப்பின் வழியே கற்றேன். அப்பாவுக்கு உடல்நலம் குன்றியிருந்த ஒரு தை மாதத்தில் பொறுப்பு முழுவதும் என் கையில் இருந்தது. மழை வரும் என்ற பேச்சைக் கேட்டு, செடியை அறுத்த நான்காம் நாளே ஆள் வைத்துப் பறித்துவிட்டேன். பறித்த அன்று மாலை தூறியது. ஈரத்தோடு அள்ளி, ஈரத்தோடு இடுப்பளவு உயரத்துக்கு அறையில் குவித்தேன். தோல் சீவல் சீவலாகக் கழன்றுகொண்டிருந்ததைப் பார்த்தும், காய்ந்தால் சரியாகும் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தபோது வாடை முகத்தில் அடித்தது. குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. நடுவில் இருந்த கிழங்குகள் தோலுக்குள் கஞ்சியாகக் குழைந்திருந்தன. 22 மூட்டையில் 11 மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வாண்டு சித்திரைக்கு விதை வாங்கக் கடன் எழுத வேண்டியிருந்தது.

இப்போது பறிப்பதைக் காலையில் பனி உலர்ந்த பிறகே தொடங்குகிறோம். கொத்தைச் செடிக் குழியின் ஓரத்தில் போட்டு மண்ணைப் புரட்டி, கிழங்கைக் கையால் எடுக்க வேண்டும். கூடையில் எறியக் கூடாது. ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்த கிழங்கு வெளியில் நன்றாகவே தெரியும். உள்ளே கன்றிய இடம் கறுத்து ஒரு மாதத்தில் அழுகும். மேல் ஈரம் உலரும் அளவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் மண்மேல் விட்டு, பிறகு நிழலுக்குக் கொண்டுபோகிறோம். கழுவுவதே இல்லை. கேரட்டைப்போல் உருளைக்கிழங்கையும் கழுவிப் பளிச்சென்று வைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒட்டிய மண்ணோடு இருக்கும் கிழங்குதான் நாள் தாங்கும்.

கொத்துப் பட்டது, தோல் கிழிந்தது, பச்சை ஏறியது, புழு துளைத்தது ஆகியவற்றை அங்கேயே பிரித்து, கொத்துப் பட்டதை அந்த வாரச் சமையலுக்கு வைத்துக்கொள்கிறோம். நல்ல கிழங்கை அறைக்குக் கொண்டுபோகுமுன் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தி 10 முதல் 15 நாள் ஆற வைக்கிறோம். சிறு கீறல்கள் அந்த நாள்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். கிழங்கு தன் காயத்தின்மேல் தக்கைபோன்ற புதுத் தோலை வளர்த்துக்கொள்கிறது. இதற்கு மிதமான குளிரும் சற்று ஈரக்காற்றும் வேண்டும். ஊட்டிப் பக்கத்துத் தை மாதப் பகல் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

சேமிப்பறை வீட்டின் வடக்குப் பக்கத்தில், மண் சுவர் வைத்துக் கட்டியது. நண்பகலிலும் வெயில் படாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின்மேல் கிழங்கை முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புகிறோம். பறித்த கிழங்கும் மூச்சு விடுகிறது. மூச்சின் சூடு வெளியேற அடியிலும் மேலேயும் வழி வேண்டும். சுவரின் கீழே ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாக இரண்டு துளைகள் உண்டு. இரவில் திறந்து குளிர்காற்றை விடுவோம். பகலில் சாக்கால் அடைத்துவிடுவோம். மேலே வெளிச்சம் படாமல் கோணியால் போர்த்துகிறோம். வெளிச்சம் பட்டால் கிழங்கில் பச்சையமும், அதனோடு சோலனைன் என்ற நச்சும் கூடும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. அதனால் பச்சை ஏறிய கிழங்கை ஓரத்தை மட்டும் சீவிவிட்டு உண்பதை எங்கள் வீட்டில் ஏற்பதில்லை.

அடுக்குகளுக்கு இடையிலும் மேலேயும் காய்ந்த கற்பூர மர இலையையோ உண்ணிச்செடி இலையையோ இரண்டு விரற்கடை தடிமனுக்குப் பரப்புவது பழைய வழக்கம். யூகலிப்டஸைத்தான் இங்கே கற்பூர மரம் என்கிறோம். அது 1843-இல் இந்த மலைக்கு வந்தது. அதன் இலையின் நெடி அந்துப்பூச்சியை அண்டவிடாமல் காக்கிறது. உண்ணிச்செடி இலைக்கும் அக்குணம் உண்டு என்று ஆய்வுகளும் உறுதிசெய்திருக்கின்றன. கிழங்கின் கண்ணோரத்தில் கறுப்பு எச்சம் துளிபோல் ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் அறைக்குள் நின்று மூக்கால் தேட வேண்டும். ஒரு கிழங்கு அழுகத் தொடங்கினால் கண்ணுக்குப் படுமுன் வாடை சொல்லிவிடும். அன்றே அதை எடுத்துவிட்டால் பக்கத்துக் கிழங்குகள் பிழைக்கும்.

உறவினர்கள் கேட்கும் இன்னொன்று, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்பது. வேண்டாம். அவ்வளவு குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும். கறியில் இனிப்புத் தட்டும், வறுத்தால் கறுக்கும். சமவெளி வீட்டில் இருப்பதற்குள் குளிர்ந்த, இருட்டான, காற்றுப் புகும் மூலையில், மண்ணைத் தட்டாமல் கூடையில் வைத்து மூன்று வாரத்துக்குள் உண்டுவிடுவதே நல்லது. வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உண்ணும் கிழங்குக்கு. விதைக் கிழங்குக்கு வழியே வேறு. குச்சி ஊன்றிய செடிகளின் கிழங்கை நாங்கள் பரண்மேல், ஓட்டுக்குக் கீழே, ஒற்றை அடுக்காகப் பரப்பி வைக்கிறோம். அங்கே கண்ணாடி ஓடு இரண்டு உண்டு; வெயில் நேராக விழாது, ஆனால் பகல் முழுவதும் வெளிச்சம் இருக்கும். விதை பச்சை ஏறுகிறது. ஏறட்டும், அதை யாரும் உண்ணப் போவதில்லை, பச்சைத் தோலை எலியும் பூச்சியும் அவ்வளவாக விரும்புவதும் இல்லை. இருட்டில் கிடந்த விதை வெள்ளை நூல்போல் நீண்ட முளைகளை விட்டு, தொட்டால் ஒடிந்து, கிழங்கின் சத்தை உறிஞ்சிச் சுருங்கிவிடும். வெளிச்சத்தில் இருந்த விதையோ அரை அங்குலத்துக்குக் குட்டையாக, ஊதாவும் பச்சையும் கலந்த தடித்த முளையோடு, நடும் நாள் வரை காத்திருக்கும். பெரு நாட்டின் லிமா நகரில் 1971-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இந்தப் பரவிய வெளிச்ச முறையைப் பல நாடுகளின் சிறு உழவர்களிடம் கொண்டுபோனதை நான் பின்னர் படித்தபோது, எங்கள் பரணையும் அந்தக் கண்ணாடி ஓடுகளையும் நினைத்து மனம் நிறைந்தது.

பறித்த கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். எவ்வளவு ஈரமும் சூடும் காட்டினாலும் அந்த உறக்கம் முடியாமல் சரியாக முளைக்காது. தையில் எடுத்தது சித்திரை நடவுக்குள் விழித்துக்கொள்வது எங்கள் போகக் கணக்குக்கு மிகவும் பொருந்திவருகிறது. அவசரத்துக்கு வேதிப்பொருளால் உறக்கத்தைக் கலைக்கும் முறை உண்டு. எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. முதலில் தலைப்பக்கத்துக் கண் ஒன்று மட்டும் முளைக்கும். அந்த ஒற்றை முளையைக் கிள்ளிவிட்டால் மற்றக் கண்கள் எல்லாம் ஒன்றாகத் துளிர்க்கும். ஒரு விதைக்கு நான்கைந்து தண்டு கிடைக்கும். பங்குனி முழுவதும் அம்மாவும் நானும் மாலைகளில் பரண்மேல் உட்கார்ந்து அந்த முளைகளைக் கிள்ளிக்கொண்டிருப்போம்.

நேற்று மாலை ஏறிப் பார்த்தேன். இந்த ஆண்டு 16 மூட்டைக்கு விதை தேறும்போல் தெரிகிறது. மீதி இரண்டு மூட்டைக்குப் புது விதை சொல்லியிருக்கிறேன். கிள்ளியவற்றில் பெரும்பாலானவை மூன்று கண்ணிலாவது துளிர்த்துவிட்டன. கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே இருந்த இரண்டு தட்டுகளில் தோல் சற்று வாடத் தொடங்கியிருந்ததால் அவற்றை மூலைப் பக்கம் நகர்த்தி, மூலையில் இருந்தவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். கீழே அறையில் உண்ணும் கிழங்கு இன்னும் நான்கு மூட்டை இருக்கிறது.